நிமிடத்தை விற்றவர்கள்

பங்கு வெளியீட்டு ஆவணங்களைப் பொழுதுபோக்காகப் படிப்பவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதிலும் பழைய ஆவணங்கள்தான் பிடிக்கும். கதையின் முடிவு தெரிந்துவிட்டதால், எதைப் பூசி மெழுகினார்கள், எதைப் பட்டவர்த்தனமாக எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதெல்லாம் துலக்கமாகத் தெரியும். 1996க்கும் 2006க்கும் நடுவில் அமெரிக்கச் சந்தையில் பட்டியலான இணையத் தொலைபேசி நிறுவனங்களின் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

காரணம், அதிலுள்ள ஒரு விசித்திரம். தொழில்நுட்பத்தைப் பற்றி அன்று சொன்ன ஆரூடம் எல்லாம் பலித்துவிட்டது. உலகத்தின் குரல் முழுக்க இணையத்தில் ஓடும், தூரத்துக்குக் காசு கொடுக்கும் காலம் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து பேசினாலும் துறையூரிலிருந்து பேசினாலும் ஒரே செலவுதான். ஆனால் அதை முன்கூட்டியே சரியாகக் கணித்துப் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கணிப்பு தப்பி நஷ்டப்படுவது சகஜம். கணிப்பு பலித்தும் நஷ்டப்பட்டது எப்படி என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

வோக்கல்டெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் 1995 பிப்ரவரியில் ‘இன்டர்நெட் போன்’ என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸ் கணினி, சவுண்ட் கார்டு, மைக், மோடம் இருந்தால் போதும். ஆரம்பத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர். எதிர்முனையில் இருப்பவரும் அதே மென்பொருளோடு அதே நேரத்தில் இணையத்தில் இருக்க வேண்டும். அதனால் முதலில் சாதாரண போனில் கூப்பிட்டு, “கம்ப்யூட்டரை ஆன் பண்ணு” என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். மிச்சம் பிடிக்கிற காசில் பாதி அந்த அழைப்பிலேயே போய்விடும்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் வோக்கல்டெக் நாஸ்டாக்குக்கு வந்தது. பங்கு 19 டாலர். மார்ச்சிலேயே, ஆக்டா என்ற சிறு தொலைதூர அழைப்பு நிறுவனங்களின் சங்கம் இந்த மென்பொருளின் விற்பனையை நிறுத்தச் சொல்லி, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி.யிடம் மனு போட்டது. தடை வரவில்லை. அந்த மனுவைவிடப் பெரிய விளம்பரம் வோக்கல்டெக்குக்குக் கிடைத்திருக்காது. எதிரியே பயப்படுகிறான் என்றால் சரக்கு இருக்கிறது என்றுதானே முதலீட்டாளர் நினைப்பார்? 1997இல் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியது.

சரக்கு இருந்தது உண்மை. ஆனால் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். பழைய தொலைபேசி வலையில் ஓர் அழைப்புக்கு 64 கிலோபிட் பாதை ஒதுக்கப்படும். ஜி.729 மாதிரியான கோடெக்குகள் குரலை 8 கிலோபிட்டுக்குள் சுருக்கிவிடும். ஆகவே எட்டு மடங்கு சிக்கனம், அதுதான் லாபம் என்று பங்குத் தரகர்களின் அறிக்கைகள் சொல்லின. சிக்கனம் இருந்தது, ஆனால் அது சில்லறைக் காசு. பெரிய காசு வேறு இடத்தில் கிடந்தது.

அமெரிக்காவிலிருந்து ஒருவர் இந்தியாவுக்குப் பேசினால், அங்குள்ள நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கிய பணத்தில் ஒரு பங்கை நிமிடத்துக்கு இவ்வளவு என்று இந்தியத் தரப்புக்கு, அதாவது வெளிநாட்டு அழைப்புகளை ஏகபோகமாக வைத்திருந்த வி.எஸ்.என்.எல்.லுக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தொகை அடக்கச் செலவைப் பார்த்து வைத்ததல்ல. இரு நாட்டு நிறுவனங்களும் உட்கார்ந்து பேசி வைத்தது. எஃப்.சி.சி. 1997இல் இதற்கு உச்சவரம்பு போட்டது. பணக்கார நாடுகளுக்கு 15 சென்ட், நடுத்தர நாடுகளுக்கு 19, ஏழை நாடுகளுக்கு 23. இறக்கிக் கொண்டுவர வேண்டிய இலக்கே 23 சென்ட் என்றால், அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குள்ளும் இதே கதைதான். தொலைதூர அழைப்பு நிறுவனங்கள் உள்ளூர் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடக் கட்டணம் அழ வேண்டும். இணையச் சேவை நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு.

இணையத் தொலைபேசியின் லாபம், இந்த இரண்டு கட்டண வேலிகளையும் இணையம் வழியாகத் தாண்டிப் போவதில் இருந்தது. புதுச்சேரி எல்லையில் இருக்கும் பெட்ரோல் பங்க் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பெட்ரோல் அதேதான், வரிதான் வேறு. வரியைச் சமமாக்கினால் மறுநாள் வரிசை இருக்காது. அந்த பங்க்கை விலைக்கு வாங்குகிறவர், வரிசையில் எத்தனை வண்டி என்று மட்டும் எண்ணிப் பார்த்து விலை பேசினால் எப்படி இருக்கும்? 1999இல் வால் ஸ்ட்ரீட் எண்ணியது வண்டிகளைத்தான். ‘நிமிடங்களின் வளர்ச்சி’ என்று அதற்குப் பெயர்.

நெட்2போன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹவர்ட் ஜோனாஸ் என்பவர் 1990இல் ஐ.டி.டி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் வியாபாரமே ‘கால்பேக்’. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஓர் அமெரிக்க எண்ணைக் கூப்பிட்டு, எடுக்குமுன் வைத்துவிடுவார். அங்குள்ள கணினி திருப்பிக் கூப்பிட்டு, மலிவான அமெரிக்கக் கட்டணத்தில் அவரைப் பேச வைக்கும். இரண்டு நாட்டுக் கட்டணங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் காசு பார்ப்பது எப்படி என்று இந்த மனிதருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996இல் கணினியிலிருந்து சாதாரண போனுக்குப் பேசும் சேவையாக நெட்2போனைக் கொண்டுவந்தார். வோக்கல்டெக்கின் பெரிய குறை இதில் இல்லை. எதிர்முனையில் அம்மா கணினி வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, வீட்டு போன் மணி அடிக்கும். 1999 ஜூலையில் நெட்2போனைத் தனியாகப் பட்டியலிட்டார்கள். பங்கு 15 டாலர். முதல் நாளே எகிறியது.

நான் அப்போது நியூ ஜெர்ஸியில் உள்ள எடிசனில் இருந்தேன். ஒய்2கே, அதாவது 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறைச் சரிசெய்யும் வேலைக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். ஓக் ட்ரீ ரோட் மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் காலிங் கார்டுகள் தோரணம் தொங்கும். எந்தக் கார்டில் இந்தியாவுக்கு எத்தனை நிமிடம் என்று சனிக்கிழமை தோறும் ஒரு புதுக் கணக்கு. கார்டில் போட்டிருக்கும் நிமிடம் ஒன்று, பேசக் கிடைப்பது ஒன்று. அறை நண்பன் திருச்சிக்காரன். அவனுக்குக் கணினி வழியாகப் பேசுவதில் அலாதி மோகம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “அம்மா, நான் சொல்லி முடிச்சப்புறம் நீ பேசும்மா” என்று கத்திக்கொண்டிருப்பான். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை இணையத் தொலைபேசிப் பங்குகளில் போட்டான்.

“நாம தினம் யூஸ் பண்ற பொருள் மச்சி. அதுல போடாம வேற எதுல போடுறது?” என்பான்.

“நமக்கு இவ்ளோ லாபம்னா அவனுக்கு எங்கடா லாபம்?” என்று கேட்டேன். வாய்க்கு வந்ததைக் கேட்டதுதான். பெரிய ஞானமெல்லாம் இல்லை. அவனிடம் பதில் தயாராக இருந்தது: “வால்யூம் மச்சி, வால்யூம்.”

அந்தப் பதிலை அப்போது எல்லாருமே சொன்னார்கள், பிசினஸ் டிவி உட்பட.

நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்தது. அதே மாதம் 31ஆம் தேதி ஏடி அண்ட் டி நெட்2போனில் 32 சதவீதம் வாங்குவதாக அறிவித்தது. பங்கு ஒன்றுக்கு 75 டாலர், மொத்தம் சுமார் 140 கோடி டாலர். இந்தச் செய்தியைப் பலரும் ‘தொலைபேசி ராட்சசனே இணையத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்’ என்று படித்தார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதற்குள் இருக்கும் பிரிவினை. 40 லட்சம் பங்குகள்தான் புதியவை. அதாவது நெட்2போனின் கைக்குப் போனது 30 கோடி டாலர். மற்ற 1 கோடியே 49 லட்சம் பங்குகளும் தாய் நிறுவனமான ஐ.டி.டி.யின் கையிருப்பு. 110 கோடி டாலருக்கு மேல் ஜோனாஸின் பக்கம் போனது, ரொக்கமாக. தொழிலை உருவாக்கியவரே இந்த விலைக்கு இவ்வளவு விற்கிறார் என்பது செய்தியின் இரண்டாவது பத்தியிலேயே இருந்தது.

ஆறு வருடம் கழித்து, 2006இல், ஐ.டி.டி. நெட்2போனின் மிச்சப் பங்குகளைச் சந்தையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. விலை 2 டாலர் 5 சென்ட். எழுபத்தைந்துக்கு விற்றதை இரண்டுக்கு வாங்குவது எல்லாருக்கும் வாய்க்காது. இந்தத் துறையில் யார் நல்ல முதலீட்டாளர் என்று என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஜோனாஸ் என்பேன். நண்பனின் பங்குகள் என்ன ஆயின என்று நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

ஐ.டி.எக்ஸ்.சி. நிறுவனத்தின் கதை இன்னும் துல்லியமான பாடம். ஏடி அண்ட் டியின் இணையச் சேவையை நடத்திய டாம் எவ்ஸ்லின் தொடங்கியது. 1999 செப்டம்பரில் 12 டாலருக்குப் பட்டியலானது. இவர்கள் நேரடி வாடிக்கையாளரைத் தேடவில்லை. பெரிய தொலைபேசி நிறுவனங்களின் அழைப்புகளை மொத்தமாக வாங்கி, இணையம் வழியாக அந்தந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உலகின் பெரிய சர்வதேச அழைப்பு நிறுவனங்களுள் ஒன்றாகவும் வளர்ந்தார்கள். நிமிடங்கள் கூடிக்கொண்டே போக, நிமிடத்தின் விலை சரிந்துகொண்டே வந்தது. இதில் கொடுமை என்னவென்றால், விலையைச் சரித்தவர்களில் முக்கியமானவர்கள் இவர்களேதான். ஐ.டி.எக்ஸ்.சி. ஒரு நாட்டுக்கு மலிவான பாதை திறந்தால், அந்நாட்டின் பழைய நிறுவனமும் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்ததும் மலிவுப் பாதையின் அனுகூலம் சுருங்கும். நன்றாக வேலை செய்யச் செய்ய வருமானத்துக்கு வேட்டு. 2004இல் ஐ.டி.எக்ஸ்.சி. டெலிகுளோப் நிறுவனத்தோடு சேர்ந்தது. அந்த டெலிகுளோபை 23.9 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? டாடாவின் கைக்கு வந்திருந்த நம்ம வி.எஸ்.என்.எல். 2005இல் ஒப்பந்தம், அடுத்த வருடம் கைமாற்றம். எந்த ஏகபோகத்தின் கட்டணத்தை உடைப்பதற்காக இந்த வியாபாரமே பிறந்ததோ, அந்த ஏகபோகமே கடைசியில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. 2008இல் பெயரை டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

வோனேஜ் என்ற நிறுவனம் கொஞ்சம் வேறு ஜாதி. இடைவெளி வியாபாரம் மட்டும் அல்ல, ஒரு சாதனத்தையும் கொடுத்தார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி. பழைய கார்ட்லெஸ் போனின் வயரை அதில் செருகினால் டயல் டோன் வரும். கணினியே வேண்டாம். 2004 கடைசியில் மாதம் 24.99 டாலருக்கு அமெரிக்கா, கனடா முழுக்க எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பெட்டி எங்கே செருகியிருக்கிறது என்பதும் எண்ணுக்குத் தெரியாது. எடிசனின் 732 எண்ணோடு அந்தப் பெட்டியைச் சூட்கேஸில் போட்டு மயிலாப்பூருக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். எடிசனில் இருக்கும் மகனுக்கு அது லோக்கல் கால்.

2006 மே மாதம் நியூயார்க் சந்தையில் 17 டாலருக்கு வந்தார்கள். 53 கோடி டாலர் திரட்டினார்கள். வெளியீட்டில் 13.5 சதவீதத்தை வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். நானும் அப்போது வாடிக்கையாளன்தான், எனக்கும் அழைப்பு வந்தது. ஆவணத்தைத் திறந்தேன். 2005இல் வருமானம் 26.9 கோடி டாலர். விளம்பரம், விற்பனைச் செலவு மட்டும் 24.3 கோடி. நஷ்டம் 26.1 கோடி. லாபத்தைவிட வளர்ச்சிக்கே இப்போதைக்கு முன்னுரிமை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். நேர்மையான ஆவணம் என்றே சொல்வேன்.

என்னைத் தடுத்தது நஷ்டம் அல்ல, வேறொரு சின்ன வரி. அன்று 16 லட்சம் இணைப்புகள். மாதத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கழன்றுகொள்கிறார்கள். அப்படியென்றால் மாதம் 33,000 பேர் போகிறார்கள். ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 200 டாலருக்கு மேல் ஆகிறது. இருந்த இடத்தில் இருக்கவே மாதம் சுமார் 70 லட்சம் டாலர். அதற்கு மேல்தான் வளர்ச்சி. இதற்கிடையே எங்கள் பகுதி கேபிள் நிறுவனங்களே டிவி, இணையம், போன் மூன்றையும் ஒரே பில்லில் விற்க ஆரம்பித்திருந்தன. வோனேஜின் அழைப்பு ஓடுவதே அவர்களுடைய வயரில்தான். அவர்களுக்கு 200 டாலர் செலவில்லை. பில்லோடு ஒரு நோட்டீஸ் வைத்தால் போதும்.

முதல் நாளே பங்கு 14.85க்கு விழுந்தது. ஒதுக்கீடு பெற்ற வாடிக்கையாளர்களில் சிலர் பணம் கட்ட மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள், வழக்குகள் முளைத்தன. 2007 மார்ச்சில் காப்புரிமை வழக்கில் வெரைஸனுக்கு 5.8 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பு. செப்டம்பரில் ஸ்பிரின்ட்டுக்கு 6.95 கோடி. அதற்கு முன்பே, 2005இல், 911 அவசர அழைப்பு சரியாகப் போய்ச் சேர வேண்டும், 120 நாளில் ஏற்பாடு செய் என்று எஃப்.சி.சி. உத்தரவிட்டிருந்தது. ‘நாங்கள் தொலைபேசி நிறுவனமே இல்லை’ என்ற வாதத்தில் கிடைத்த மலிவெல்லாம், தொலைபேசி நிறுவனம் போலவே வளர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கழிந்தது. 2008இல் பங்கு ஒரு டாலருக்கும் கீழே.

அதன்பிறகு வோனேஜ் பிழைத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. விளம்பரத்தைக் குறைத்து, இருக்கிற வாடிக்கையாளரிடம் மாதாமாதம் வரும் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பிறகு வீட்டு போனை மெல்லக் கைகழுவி, நிறுவனங்கள் தங்கள் செயலிகளுக்குள் அழைப்பையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் சேர்க்க உதவும் வியாபாரத்துக்கு நகர்ந்தார்கள். 2016இல் அந்த வியாபாரத்தில் இருந்த நெக்ஸ்மோவை 23 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2022இல் எரிக்ஸன் மொத்த நிறுவனத்தையும் பங்குக்கு 21 டாலர், சுமார் 620 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. 17 டாலருக்கு முதல் வெளியீட்டில் வாங்கி அசையாமல் வைத்திருந்தவருக்குப் பதினாறு வருடத்தில் 24 சதவீதத்துக்கும் குறைவு. வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றேகால் சதவீதம் சொச்சம். ஸ்டேட் பேங்க் எஃப்.டி. எவ்வளவோ தேவலை. ஒரு டாலருக்குக் கீழே வாங்கியவருக்கோ இருபது மடங்குக்கு மேல். அடுத்த வருடமே எரிக்ஸன் அந்த வாங்குதலின் மதிப்பில் பாதியளவைத் தள்ளுபடி எழுதியது என்பது அவர்கள் தலைவலி.

ஸ்கைப்பைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் வந்தது. மற்றவர்களிடமிருந்து அதைப் பிரித்தது இலவசம் என்பது அல்ல. செலவே பயனாளியின் கணினியில் ஏறியது என்பதுதான். அழைப்புகளைக் கடத்த அவர்கள் பெரிய சர்வர் கூடம் வைக்கவில்லை. பயனாளிகளின் கணினிகளே ஒன்றுக்கொன்று கடத்திக்கொண்டன. ஒரு ஆளைப் பிடிக்க 200 டாலரும் வேண்டாம். பேச விரும்பியவரே அடுத்தவரை இழுத்துவந்தார். ஈபே 2005இல் 260 கோடி டாலருக்கு வாங்கி, 2007இல் 140 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. 2009இல் பெரும்பங்கை விற்கும்போதுதான் இன்னொன்று அம்பலமானது: ஸ்கைப்பின் உயிர்நாடியான தொழில்நுட்பம் ஈபே வாங்கிய பொட்டலத்துக்குள் இல்லை, நிறுவனர்களின் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. வழக்கு, சமரசம். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் 275 கோடி மதிப்பில் வாங்கியவர்கள், 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி கொடுத்தபோது மூன்று மடங்கு பார்த்தார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கடையை மூடிவிட்டது.

இந்தியாவில் இந்தக் கூத்து தாமதமாகத்தான் வந்தது. 1999 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை இணையத் தொலைபேசியை அனுமதிக்கவில்லை. 2002 ஏப்ரல் 1 அன்று, வி.எஸ்.என்.எல். ஏகபோகம் முடிந்த அதே நாளில், கணினியிலிருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம் என்று திறந்துவிட்டார்கள். உள்நாட்டு போனுக்கு மட்டும் கூடாது. பிரவுசிங் சென்டர்களில் ‘நெட் போன்’ போர்டு தொங்கியது. ஐ.எஸ்.டி. பூத்காரர்கள் முறைத்துப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பின் மீது ஏ.டி.சி. என்றொரு வரி: 2005இல் நிமிடத்துக்கு 3 ரூபாய் 25 காசு. அது இருக்கும்வரை, வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாக இறக்கி உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கள்ள கேட்வேக்களுக்கும் கொண்டாட்டம். துபாய் அழைப்பு உங்கள் போனில் ஏதோ உள்ளூர் எண்ணாகக் காட்டியது அதனால்தான். அடுத்த வருடம் 1 ரூபாய் 60 காசாகக் குறைந்து, 2008இல் ஏ.டி.சி. அடியோடு போனது. அந்த வரியை நம்பி ஓடிய கள்ளப் பாதைகளின் கவர்ச்சியும் அதோடு போனது.

கடைசி வேலியை விழுங்கியது ஜியோ. 2016 செப்டம்பரில் வந்தபோது குரல் அழைப்பு இலவசம் என்றார்கள். அவர்களிடம் பழைய தொலைபேசி வலையே கிடையாது. வோல்டியில், அதாவது 4ஜி வழிக் குரல் அழைப்பில், ஓடுவது இணையத்தில் ஓடுவது போன்ற ஐ.பி. தரவுப் பொட்டலங்கள்தான். யாரும் அதை இணையத் தொலைபேசி நிறுவனம் என்று சொல்வதில்லை, ஆனால் தொழில்நுட்பப்படி அது வேறொன்றும் இல்லை. அப்போதும் ஓர் இடைவெளி மிச்சம் இருந்தது: அடுத்த நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 14 காசு கொடுக்க வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 2017 அக்டோபரில் 6 காசாக்கியது. 2019இல் ஜியோ அந்த 6 காசை வாடிக்கையாளரிடமே வசூலித்தது, நினைவிருக்கலாம்; வீடுகளில் அதற்குப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. 2021 ஜனவரி 1 முதல் அதுவும் பூஜ்யம்.

இப்போது தொலைத்தொடர்புப் பங்குகளைப் பற்றி வரும் அறிக்கைகளில் மாதத்துக்கு ஓர் ஆள் எவ்வளவு தருகிறார், எத்தனை ஜிபி ஓட்டுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எத்தனை நிமிடம் பேசினார் என்ற கணக்கும் இருக்கும், அட்டவணையில் எங்கேயாவது கீழே. அதை வைத்து யாரும் விலை பேசுவதில்லை.